இரண்டு கண் இருந்தால் சாவில்லை

கறுப்பு, வெள்ளைக் காய்களைப் பலகையில் வைத்து எதிரியை வளைக்கும் கோ என்ற ஜப்பானிய ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். திருப்பூரில் இப்படியும் ஒரு பிழைப்பா என்று சிரிக்காதீர்கள். டியூஷன் எடுக்கும் சக பாவிகளே, மாணவர் கேட்கும் சந்தேகம் எப்படி ஆளைப் பிடித்து ஆட்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

செத்த காய்

ராயபுரத்தில் ஒரு மாடி அறை, ஞாயிறு காலை வகுப்பு. எதிரி சுற்றி வளைத்த காய்களுக்கு நடுவே தனித்தனியாக இரண்டு காலி இடம் இருந்தால் அவற்றுக்குச் சாவில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் அடைக்க முடியாதே! அந்த இடங்களுக்குக் கண் என்று பெயர். ஒரே கண் என்றால் செத்ததுதான். ஆனாலும் ஆட்டம் முடியும்வரை பலகையில்தான் கிடக்கும். என் மாணவர், நிட்டிங் ஆபரேட்டர் நடராஜன், இதைக் கேட்டதும் பலகையிலிருந்து கையை இழுத்துக்கொண்டார்.

"ஏனுங்க மாஸ்டர், செத்துப்போனது அதுக்கே தெரியாதுங்களா?"

நடு இடம்

ஒரு ஞாயிறு அவரும் நானும் ஆடினோம். மூலையில் அவருடைய கறுப்புக் காய்கள், உள்ளே வரிசையாக மூன்று காலி இடம். நடுவில் அவர் வைத்தால் இரண்டு கண், பிழைத்துவிடும். நான் வைத்தால் சாவு. என் முறை. வெள்ளைக் காயை எடுத்தபோது அவருக்கு வீட்டிலிருந்து போன். "அப்படியே இருக்கட்டுங்க, வந்தர்றேன்" என்று கிளம்பினார். மண்ணரை போகிற வழியில் லாரி மோதி இறந்துபோனார்.

பலகையைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய வகுப்பு நோட்டை வாங்க அவர் அக்கா கலாமணி வந்தார், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பலகை ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அந்த மூலையையே வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க வெக்காத வரைக்கும் அவன் சாகலைங்க, அப்படித்தானுங்களே?"

பூட்டிய அறை

நான் வைக்கவில்லை, என் முறையை விட்டுக்கொடுத்தேன். அறையைப் பூட்டினேன், இருக்கிற ஒரே சாவி என் சட்டைப்பையில். அடுத்த ஞாயிறு திறந்தால், மூன்று இடத்தின் நடுவே ஒரு கறுப்புக் காய். ஜன்னல் கொக்கி போட்டபடியே இருந்தது. தொட்டுப் பார்த்தேன், காய் வெதுவெதுப்பாக இருந்தது. கலாமணிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, நீங்கள் வந்து வைத்தீர்களா என்று கேட்டேன்.

"நான் வரலீங்க. அடுத்தது உங்க முறைதானுங்க மாஸ்டர்? அவனைக் காக்க வெக்காதீங்க."

வகுப்புக்கு வராத மாணவரால் எல்லா வாத்தியாருக்கும் தலைவலி, எனக்கு மட்டும் ஒரு வாரமும் தவறாமல் வருகிறவரால்.