கறுப்பு ஸ்கிரீனில் ஸ்பீடு குறையுமாம்

நான்கு மணிக்கு எனக்கு வீடியோவில் வேலை இண்டர்வியூ. மூன்றரைக்கு லேப்டாப்பில் டெர்மினல் என்கிற கறுப்புத் திரையைத் திறந்து ஸ்பீடு டெஸ்ட் கட்டளையைத் தட்டினேன். நூறு எம்பிபிஎஸ் பிளானில் ஒன்றுதான் வந்தது.

மில்லர்புரத்தில் எங்கள் தெருவுக்கு இணைப்பு கொடுத்திருக்கும் கேபிள் அண்ணாச்சியை வரவழைத்தேன். வந்தவர் வயரைத் தொடவில்லை. லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்.

“ஏலே, கறுப்பு ஸ்கிரீன்ல பாத்தா கம்மியாத்தாம்லே காட்டும். முள்ளு சுத்துற ஆப்புல பாக்கணும்.”

“எதுல பாத்தாலும் லைன் ஒண்ணுதான, அண்ணாச்சி?”

“படிச்ச பய அப்படித்தான் பேசுவ. இங்கன பாரு.”

அவர் போனில் முள் சுற்றி எண்பத்தெட்டில் நின்றது.

“இப்ப என்ன சொல்லுத?”

நான் போனின் மேல் ஓரத்தைப் பார்த்தேன். வைஃபையே போடவில்லை. ஓடியது அவர் சிம்மின் ஃபைவ் ஜி.

காட்டினேன். வைஃபையைப் போட்டு மறுபடி தட்டினார். முள் ஒன்றைத் தாண்டவில்லை.

“உப்புக்காத்துல்லா? வயரை அரிச்சிருக்கும்” என்றார் ஜன்னலைப் பார்த்து. இந்த ஊரில் எது கெட்டாலும் குற்றவாளி கடல்தான்.

மணி மூன்று ஐம்பத்தைந்து. என் சிம்முக்கு வீட்டுக்குள் சிக்னல் கிடையாது.

“ஹாட்ஸ்பாட்டைப் போட்டுட்டு உக்காருங்க, அண்ணாச்சி.”

அரை மணி நேரம் என் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் இணையம் ஒழுங்காக இருக்குமா என்று இண்டர்வியூவில் கேட்டார்கள். அண்ணாச்சியைப் பார்த்தேன். “இருக்கும்” என்றேன்.

வேலை கிடைத்தால் அவர் தினமும் ஒன்பது மணிக்கு வந்து உட்கார வேண்டியதுதான்.

கடல் இல்லாத ஊர்க்காரர்களே, உங்கள் அண்ணாச்சிகள் எதன் மேல் பழி போடுகிறார்கள்?