அம்மாவின் தயிரில் இருந்த மரபணு

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரி லேபில், வயிற்றுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாக்களைத் தேடிக்கொண்டிருந்தோம். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுத் தயிரிலிருந்து பிரித்த ஒன்று எல்லாச் சோதனையிலும் முந்தி நின்றது. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குப் பொடியாகவே தரலாம் என்று பேச்சு ஓடியது. சந்தோஷத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். உறைமோர் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அது பாதுகாப்பானதுதானா என்று பார்க்க, அதன் மரபணு முழுவதையும் படித்துவிடுவோம் என்று ஜீனோம் சீக்வென்சிங்குக்கு அனுப்பினோம். ரிப்போர்ட்டில் ஒரு ஆன்டிபயாட்டிக்கைச் செயலிழக்க வைக்கும் மரபணு இருந்தது. அதுவும் வேறு கிருமிக்குத் தாவக்கூடிய டி.என்.ஏ. துண்டில். நோயாளிப் பிள்ளைக்கு இந்த பாக்டீரியாவைக் கோடிக்கணக்கில் கொடுத்தால், நோய்க்கிருமி அந்த வித்தையை வாங்கிக்கொள்ளலாம்; பிறகு அந்த மருந்துக்கு அது சாகாது. பொடித் திட்டத்தைக் கைவிட்டோம்.

அம்மாவிடம் சொன்னபோது தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“அப்ப என் அடுப்படி சுத்தமில்லைங்கியா?”

“அது இல்லம்மா. மாட்டுலருந்தோ பாலுலருந்தோ வந்துருக்கும். சாப்பிடப் பயமில்ல. மருந்தா குடுக்கத்தான் கூடாது.”

அவள் காதில் ஏறவில்லை. தயிர்ச் சட்டியை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தாள்.

மறுநாள் காலை வந்த எதிர் வீட்டுக்காரி, காலியாகக் கிடந்த தயிர்ச் சட்டியைப் பார்த்து என்னாச்சு என்று கேட்டாள். “பூனை தட்டிவிட்டுருச்சு மதினி” என்றாள் அம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல். அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குக் காது சுட்டது.

“அதுக்கென்ன, நீங்க போன மாசம் குடுத்த உறைதான் எங்க வீட்டுல இருக்கே. செத்த இருங்க, எடுத்துட்டு வாரேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள். இனி நான் வாயைத் திறக்காமல் இருக்க முடியாது. உள்ளதை எல்லாம் சொன்னேன்.

எதிர் வீட்டுக்காரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “பேரனுக்கு தெனமும் அதத்தான ஊட்டுதேன். ஒண்ணும் ஆயிராதுல்லா?”

“ஆகாது அத்தை. சும்மா சாப்பிடலாம்.”

“பொறவு உங்கம்மா ஏன் கொட்டுனாக?”

அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்காகவும் கூசிப்போய் நின்றேன்.

அந்த வாரம் யாரும் வரவில்லை. அம்மாவும் தெருவில் இறங்கவில்லை. கடைக்கு என்னைத்தான் அனுப்பினாள். பாக்கெட் தயிர் வாங்கி வந்தேன். அதை ஊற்றி எனக்குச் சோறு பிசைந்து வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.