ஸ்லூமா வீட்டுப் பெண்ணிடம் வைத்தியம்

லதீஃபா ஸ்லூமா தலைநகர் தூனிஸில் மனநல ஆலோசனை படித்துவிட்டு எங்கள் தீவிலுள்ள மிதூனுக்குத் திரும்பி, மருந்துக்கடை மாடியில் ஓர் அறை எடுத்தாள். பெரிய வீட்டுப் பெண் கண்டவன் அழுகையைக் கேட்டு உட்கார்ந்திருப்பதா என்று அவளுடைய சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். எங்கள் தெருவின் சந்தேகம் வேறு. எங்கள் அடையாள அட்டைகளில் 'அதீக் ஸ்லூமா' என்று இருக்கிறது. அதீக் என்றால் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கப்பட்டவன். விடுவித்த வீடு எது என்பதை அடுத்த சொல் சொல்லும்.

என் தங்கையின் கணவன் ஜும்ஆ ஓட்டல் பேருந்து ஓட்டுகிறவன். ஒரு சோதனைச் சாவடியில் காவலர் ஒருவர் அவன் அட்டையை வாங்கி, "ஜும்ஆ அதீக்..." என்று நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்லூமா" என்று முடித்தார். அதன் பிறகு யாராவது முழுப்பெயரைப் படித்தால் அவனுக்கு மூச்சு அடைத்தது. வங்கியிலிருந்து பாதியில் எழுந்து ஓடிவந்தான். இதற்கிடையில் மகள் வஹீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தீவுக்கு வெளியே, ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்காரர்கள். கல்யாண ஒப்பந்தம் எழுதுகிறபோது பெண்ணின் தகப்பன் பெயரை எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிப்பார்கள். அங்கேயும் ஓடிவிட்டால் வஹீபாவின் கதி என்ன? லதீஃபாவிடம் போகப்போவதாக ஜும்ஆ சொன்னான்.

"போயும் போயும் அவகிட்டயா?" என்றேன்.

"தீவுல வேற யாரு இருக்கா, மச்சான்? நீயும் வா. அவ என்ன பண்றான்னு பாரு."

கூட வந்த உறவினரும் உட்காரலாம் என்று அவளே சொன்னாள். எங்கள் பக்கம் வைத்தியரிடம் யாரும் தனியாகப் போவதில்லை என்று தெரிந்து வைத்திருந்தாள். தெரிந்து வைத்திருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் வீட்டார் எங்களைப் பற்றி எப்போதும் நிறையவே தெரிந்து வைத்திருந்தவர்கள்.

சுவரில் ஒரு பெரிய படம். கல்யாண ஊர்வலத்தில் எங்கள் ஆட்கள் மத்தளம் அடிக்கிறார்கள்.

"உங்க மக்களோட கலையை நான் ரொம்ப மதிக்கிறேன். அதுல உங்களுக்கு ஒரு பெருமை இருக்கும் இல்ல?" என்றாள்.

ஜும்ஆ படத்தையே பார்த்தான். "எங்கப்பா உங்க வீட்டுக் கல்யாணத்துல அடிச்சாரு, டாக்டரம்மா. வாசலுக்கு வெளியில சாப்பாடு போட்டாங்க. நான் பஸ் ஓட்டறவன். நாற்பது சீட்டு வண்டி. நாங்க பஸ் ஓட்டற படம் எங்க மாட்டியிருக்கீங்க?"

அவள் முகம் சிவந்தது. எழுந்து படத்தைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாத்தினாள்.

"கழட்டிட்டா சரியாப்போச்சா?"

"இல்ல. எனக்குத் தெரியும்னு நினைச்சுப் பேசிட்டேன். நீங்களே சொல்லுங்க."

இதுவும் படிப்பில் சொல்லிக்கொடுத்த தந்திரமோ என்று நினைத்தேன். இன்றும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை. தவறை ஒப்புக்கொள்வதிலும் ஒரு தேர்ச்சி உண்டு. தேர்ச்சியையும் நேர்மையையும் வெளியிலிருந்து பிரித்தறிய எனக்கு வழி தெரியாது.

பெயரை மாற்றச் சொல்வாளா என்று ஜும்ஆ கேட்டான். மாற்று என்றும் சொல்லமாட்டேன், வைத்துக்கொள் என்றும் சொல்லமாட்டேன், அது உங்கள் முடிவு என்றாள். ஸ்லூமா வீட்டுக்கு வசதியான பதில்தான்.

"யார் அந்தப் பேரைச் சொன்னா மூச்சு அடைக்குது?"

அவன் யோசித்தான். "எங்கம்மா கோவத்துல முழுப்பேரும் சொல்லித் திட்டுவா. அப்ப ஒண்ணும் ஆகாது. நடுவுல நிறுத்துறாங்க பாருங்க... நிறுத்திட்டு என் மூஞ்சியைப் பார்க்கறாங்க. அங்கதான்."

"இங்க ஒரு தடவை நீங்களே சொல்லிப் பாக்கறீங்களா? நிறுத்தாம."

"முதல்ல நீ சொல்லு," என்றான். மரியாதை போய்விட்டிருந்தது. "உன் பேரைச் சொல்லு. உன் வீட்டுக்காரங்க யாருன்னும் சேத்துச் சொல்லு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, "லதீஃபா ஸ்லூமா. உங்க ஆளுங்களை விலைக்கு வாங்கி வச்சிருந்த ஸ்லூமா வீடு," என்றாள்.

"மூச்சு அடைக்குதா?"

"அடைக்குது."

ஜும்ஆ சிரித்துவிட்டான். "அப்ப நீயும் மருந்து சாப்பிடணும் போலிருக்கே!" அன்று அவன் தன் பெயரைச் சொல்லவில்லை. அடுத்த வாரம் சொன்னான். அதற்கடுத்த வாரம் எழுந்து நின்று சொன்னான். ஒருமுறை பாதியில் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். அவள் கூப்பிடப் போகாமல் காத்திருந்தாள்.

ஒப்பந்தம் எழுதுகிற அன்று அறை நிறைந்திருந்தது. எழுதுகிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "பெண்ணின் தகப்பனார் ஜும்ஆ அதீக்..." என்றார். நின்றார். தலை நிமிர்ந்தது. ஜும்ஆவின் கை என் முழங்காலைப் பிடித்து நசுக்கியது. எழுந்தான். ஓடப்போகிறான் என்று, கதவுப் பக்கம் வழிவிட நான் கால்களை ஒடுக்கினேன்.

"ஜும்ஆ அதீக் ஸ்லூமா," என்றான் அவன், பேருந்தில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற குரலில். "மேல படிங்க, ஐயா. பொண்ணு காத்திருக்கா."

அவன் சட்டை முதுகு நனைந்திருந்தது. ஆனால் உட்கார்ந்தான். கையெழுத்தும் போட்டான்.

லதீஃபாவை அவன் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு ஸ்லூமா வீட்டிலிருந்து ஓர் ஆட்டுக்கடா வரும். வாங்கிக்கொண்டு குனிந்து நன்றி சொல்ல வேண்டும். விருந்து முடியும்வரை ஜும்ஆ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரை எதிர்பாக்கறே?" என்றேன்.

"கடா வருதான்னு பாக்கறேன். வந்தா திருப்பி அனுப்பணும்ல."

கடா வரவில்லை. வாழ்த்து அட்டை, பூ, எதுவும் வரவில்லை.

"பரவாயில்ல, மச்சான்," என்றான் ஜும்ஆ, "அவளுக்குக் கொஞ்சம் புரிஞ்சிருக்கு."