அஞ்சு பேருக்கு மேல் போகாது

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதிலேயே லூர்துசெல்விக்கு வாந்தி வந்துவிடும். அதனால் மலையிலேயே வேலை கிடைத்தபோது மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். ஒன்பது லாட்ஜுக்கும் ஒரே ஹெல்ப் டெஸ்க். வெந்நீர் வரவில்லை, சாவியைக் குரங்கு தூக்கிப்போய்விட்டது என்று வரும் மெயில்களுக்கெல்லாம் புகார் எண் கொடுத்து டிக்கெட் போடுவாள்.

அந்த மெயில் பெட்டிக்குத்தான் சனியன் பிடித்தது. எவனோ ஒரு லாட்டரி விளம்பரத்தை அனுப்பி, நகலில் முன்னூறு பேரைச் சேர்த்துவிட்டான். கம்ப்யூட்டருக்கு மரியாதை ஜாஸ்தி. 'தங்கள் புகார் கிடைத்தது' என்று முன்னூறு பேருக்கும் பதில் போட்டது. 'என்ன புகார்?' என்று அவர்கள் கேட்க, அதற்கும் டிக்கெட், அதற்கும் பதில். முதலாளி தேவசிகாமணி கொதித்துப்போனார். சனிக்கிழமைக்குள் நிற்காவிட்டால் ஹெல்ப் டெஸ்க் சேலத்துக்குப் போகும், அவளும் தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும்.

அன்றே அவள் கைப்பையில் மோந்து பார்க்க ஓர் எலுமிச்சம்பழம் ஏறியது. செட்டிங்ஸைக் குடைந்தாள். 'ஒரு மெயிலில் எத்தனை பேர்?' என்றொரு கட்டம் காலியாகக் கிடந்தது. ஐந்து என்று போட்டாள். அதற்கு மேல் போனால் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். குப்பை பொசுக்கென்று நின்றது!

லாட்ஜ் கணக்கெழுதும் ரைட்டர் ஐயாக்கண்ணு சண்டைக்கு வந்தார். குழாய் ஒழுகினால்கூட ஒன்பது மேனேஜருக்கும் நகல் போடுகிறவர். "ஏனுங்க, நகல் இல்லாத புகாருக்கு மரியாதை ஏதுங்க?" அவள் மசியவில்லை. சனிக்கிழமை காலை வெற்றியை முதலாளிக்கு எழுதிவிட்டு, கையோடு கேக் வாங்கப் போனாள்.

அன்று மதியம் முதலாளியே போன் செய்தார். "கண்ணு, ஒரு ஆர்டர் அனுப்பறேன், திரும்பித் திரும்பி வருதே?"

"நகல் எத்தன பேருக்குங்க சார்?"

"எல்லாருக்குந்தான். முப்பத்தாறு."

"அஞ்சுக்கு மேல போகாதுங்க. அப்படித்தானுங்க குப்பையெல்லாம் நிறுத்துனேன். உங்களுக்கு மெயில் போட்டனுங்களே?"

"ஒண்ணும் வரலியே. நகல் யாருக்கெல்லாம் போட்ட?"

"ஒம்பது மேனேஜருக்கும்..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முதலாளி இருமும்வரை சிரித்தார். "நான் போட்டது டெஸ்க்கைச் சேலத்துக்கு மாத்தற ஆர்டர். அது கெடக்குது, உடு. இப்ப முப்பத்தாறு பேருக்கு வேண்டாம், ஒருத்தருக்குச் சொன்னாப் போதும். நீ இங்கயே இரு கண்ணு."

லூர்துசெல்வி நாற்காலியோடு மூன்று சுற்றுச் சுற்றினாள். வாந்தி வரவேயில்லை. பிறகு அந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஜூஸ் போட்டு, ஐயாக்கண்ணுவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள்.