கோப்பியில் கரைத்த மாத்திரை

எங்கள் வீட்டில் அக்காவுக்கு யாரும் மருந்தைக் கையில் கொடுத்ததில்லை. அம்மா மாத்திரையைக் கரண்டியால் நசுக்கிக் கோப்பியில் கரைத்து, கசப்பு தெரியாமலிருக்கச் சீனியை அள்ளிப் போடுவார். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஐந்து வருடம் இப்படித்தான் ஓடியது. அக்கா வாயோரம் எச்சில் வழிய நாற்காலியில் கிடப்பாள். இப்போதெல்லாம் சத்தமே இல்லை என்று அம்மா வருகிறவர்களிடம் பெருமையடிப்பார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

எண்பதுகளின் நடுவில் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீன டாக்டரம்மா வந்தார். எங்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, என்ன செய்ய ஆசை என்று அக்காவிடமே மலாயில் கேட்டார். ஊசியில் நூல் கோக்க வேண்டும் என்றாள் அக்கா. மனநோய் வருவதற்கு முன் பாசார் சந்தைப் பக்கத்துத் தையல் கடையில் ரவிக்கை தைத்தவள். மாத்திரையால் அவள் கை நடுங்கியதை நாங்கள் ஒருவரும் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. டாக்டரம்மா மருந்தை மாற்றி, அளவையும் குறைத்தார். காலையில் நடக்கச் சொன்னார், வாரம் ஒருமுறை வந்து பேசச் சொன்னார். மருந்தை இனி அவளே எடுத்துப் போடுவாள், கோப்பியில் கலக்கும் வேலையே கூடாது என்று அம்மாவை ஒரு பிடி பிடித்தார்.

மூன்று மாதத்தில் நூல் கோத்துவிட்டாள். அடுத்த மாதம் கடைக்குத் திரும்புவதாகப் பேச்சு. முதல் வேலையாக, என்னைப் பெண் பார்க்க வரும் நாளுக்கு எனக்கொரு பட்டு ரவிக்கை தைத்தாள். வாயும் திறந்துவிட்டது. லிஃப்டில் நிற்பவர்களிடம்கூடத் தன் டாக்டரைப் பற்றிச் சொல்வாள். மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொல்லிவிட்டால்? அவளால் ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

பெண் பார்க்க வரும் நாளன்று காலை பழைய போத்தலிலிருந்து மாத்திரைகளை எடுத்தேன். ஒன்று போதாது என்று இரண்டை நசுக்கி அக்காவின் கோப்பியில் கரைத்தேன். அக்கா ஒரு வாய் குடித்தாள், என்னைப் பார்த்தாள், மீதியையும் குடித்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது கழுத்து விறைத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா நல்ல அடக்கம் என்றார் மாமியாராகப் போகிறவர். அக்கா தைத்த ரவிக்கையில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். சம்பந்தம் முடிவானது.

மறுநாள் அக்கா நாக்கு குழறச் சொன்னாள்: "ஒரு வாயிலயே தெரிஞ்சிருச்சு. நீ பார்த்துக்கிட்டே நின்னே. அதான் குடிச்சேன்லா."

அதன் பிறகு எந்த மருந்தையும் அவள் தொடவில்லை. டாக்டரம்மா கையில் வைத்துக் கொடுத்ததைக்கூடத் தட்டிவிட்டாள். கலந்தது யார் என்று அவர் கேட்டபோது அம்மா தான்தான் என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். மருந்தில்லாமல் நோய் திரும்பியது. என் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, கத்தக் கத்தக் கையைக் கட்டி அக்காவைத் தொலைவிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தையல் கடைக்கு அவள் திரும்பவேயில்லை.

மாதம் ஒருமுறை பிளாஸ்கில் கோப்பியோடு போவேன். முதலில் என்னைக் குடிக்கச் சொல்வாள். கடைசிச் சொட்டுவரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு தன் கோப்பையை எடுத்துக் வெளிச் சாக்கடைக் கால்வாயில் ஊற்றிவிடுவாள்.