முடிந்துவிட்டது என்று நான் போட்ட வீதி

றீற்றா அக்கா போய்விட்டார்... நேற்றுக் காலை. கருவாடு புரட்டிக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாராம்.

வெளிநாட்டில் இருந்து இந்தப் பேஜைப் பார்க்கிற உறவுகள் சிலருக்கு அவரைத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் ஊர் மாதர் சங்கத் தலைவி. தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர், பாலர் பாடசாலை மதில் என்று இங்கே நீங்கள் லைக் போட்ட எல்லாவற்றுக்கும் முதலில் கடிதத்தோடு போய் நின்ற ஆள் அவர்தான். நான் வெறும் அட்மின். படம் எடுத்துப் போட்டவன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அவரைக் கண்டால் பயம். தூரத்தில் கண்டதும் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போன நாட்களும் உண்டு.

பிரதேச சபைக் கூட்டத்தில் கதிரை போட்டுக் கொடுத்தாலும் இருக்கமாட்டார். "இருங்கோ அக்கா, இருந்து கதைப்பம்" என்று ஒருமுறை தவிசாளர் சொன்னார்.

"இருந்தால் தேத்தண்ணி தருவியள் ஐயா. அதைக் குடிச்சிட்டு நான் கேக்க வந்ததை விட்டிட்டுப் போயிடுவன்." எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தார்.

பள்ளிக்கூட ஒழுங்கைக்கு விளக்குப் பூட்டிய அன்று நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அக்கா மறித்தார். "பூட்டினவங்கள் சரி, எரிஞ்சதே? பொழுது படட்டும். எரியிறதைக் கண்டிட்டுப் போடு."

இரண்டு பேரும் கம்பத்தடியில் நின்றோம். நுளம்பு பிய்த்துத் தின்றது. ஒருவழியாக விளக்கு எரிந்ததும், "இப்ப போடு" என்றுவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவு சொல்லித் தந்த பிறகும்...

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. வேலை தொடங்கினாலே வந்த அதிகாரிகளுக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி நன்றி சொல்லிவிடுவோம். சொல்லாவிட்டால் அடுத்த முறை வரமாட்டார்களோ என்ற பயம்.

கடற்கரை வீதிக்குக் கொங்கிரீட் போட்டு, சங்கக் கட்டிடம் வரை வந்ததும் நாடா வெட்டினார்கள். அதற்கு அங்கால் மீன்வாடிகள், அக்காவின் வீடு, இன்னும் கொஞ்சக் குடும்பங்கள்... எல்லாம் மணல்தான். மிச்சத்தை அடுத்த கிழமை போடுவதாகச் சொன்னார்கள்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்காக அக்கா அப்போது வவுனியாவில் நின்றார். நான் படங்களைப் போட்டு, "எமது கடற்கரை வீதி முழுமையாகப் புனரமைக்கப்பட்டுள்ளது, நன்றி" என்று எழுதினேன்.

முழுமையாக... அந்தச் சொல்லை ஏன் போட்டேன் என்று எனக்கே தெரியாது. வாசிக்க எடுப்பாக இருந்தது, போட்டேன்.

அடுத்த கிழமை யாரும் வரவில்லை. அக்கா திரும்பி வந்து சபைக் கந்தோரில் போய்க் கேட்டபோது, அங்கே இருந்தவர் என் போஸ்டை எடுத்துக் காட்டினாராம். "உங்கட ஊர்ப் பேஜிலயே முழுசா முடிஞ்சுதெண்டு நன்றி சொல்லியிருக்கினமே அக்கா?" அதை அச்செடுத்துக் கோப்பில் வேறு போட்டிருந்தார்களாம்.

நேரே என் வீட்டுக்கு வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நன்றி சொல்லிப்போட்டாய் தம்பி. இனி எந்த முகத்தோட போய்க் கேக்கிறது?"

அன்றே சத்தமில்லாமல் போஸ்டைத் திருத்தினேன். யாரும் கவனிக்கவில்லை. ஊர்ச்சனம் கந்தோரைத்தான் திட்டியது, நானும் கூட நின்று திட்டினேன். அக்கா ஒருவரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை.

வாடிப் பக்கத்தில் யாராவது கேட்டால், "கடிதம் குடுத்திருக்கிறன், வரும்" என்பார். அந்தக் கடிதங்களை டைப் பண்ணிக் கொடுத்தது நான். இரண்டு மாரிக்காலம் போய்விட்டது.

நேற்று அம்புலன்ஸ் வேகமாகத்தான் வந்தது. சங்கக் கட்டிடம் வரை. மணலில் இறக்கினால் புதைந்துவிடும் என்று சாரதி ஸ்ரெச்சரை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடி வந்தார். அதன் சில்லும் மணலில் உருளவில்லை.

சத்தம் கேட்டு நானும் ஓடினேன். நாலு பேராக அக்காவை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மணலில் ஓடினவர்களுக்குத் தெரியும், கால் முன்னுக்குப் போகாது.

பாதியில் அக்கா என் கையைப் பிடித்தார். "மெல்லப் போ தம்பி, விழுந்திடுவாய்" என்றார். பிறகு கதைக்கவில்லை.

பெரிய அட்டாக், வீட்டு வாசலில் வாகனம் நின்றிருந்தாலும் கஷ்டம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு ஆறவில்லை.

வாடிப் பக்கத்து உறவுகளே, அக்கா உங்களிடம் சொல்லாததை நான் சொல்கிறேன். முழுமையாக முடிந்தது என்று போட்டது நான்தான். வீதி முடியவில்லை. முந்நூறு மீற்றர் மிச்சம் கிடக்கிறது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

நாளை பின்னேரம் மூன்று மணிக்கு வீட்டில் செபம். பிறகு மாதா கோயிலில் பூசை முடிந்து சேமக்காலையில் நல்லடக்கம்.

வாகனத்தில் வருகிறவர்கள் சங்கக் கட்டிடத்தடியில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். பெட்டி ஏற்றுகிற வண்டியும் அதுவரைதான் வரும். வீட்டிலிருந்து அவ்வளவு தூரமும் நாங்கள் தோளில் கொண்டுவருவோம்.

நாளைக்கு ஓடமாட்டோம் அக்கா... மெல்லத்தான் நடப்போம்.