அரைநூல் பார்த்த சீட்டு மேசை

மரப்பட்டறையில் தங்கைக்கு வைத்திருந்த பெயர் அரைநூல். தச்சர் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதி பிசகினாலும் அவளுக்குச் சோறு இறங்காது. அதே பட்டறையில் பாலிஷ் போடும் அண்ணனுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் உச்சி குளிரும். வெளியில் மட்டும், பிடிவாதக்காரி என்று அலுத்துக்கொள்வார்.

பழுதுபார்க்க வந்த, சீட்டாடும் மேசை நூறு வயதைத் தாண்டியது. மடித்தால் சுவரோரம் நிற்கும் அரைவட்டம். பின்கால் ஒன்றை வெளியே திருப்பி, மேல்பலகையை அதன்மீது விரித்தால் முழுவட்டம். கால் திரும்பும் கீலைக்கூட, விரல்களைக் கோத்தது போல மரத்திலேயே செதுக்கியிருந்தார்கள். விளிம்பைச் சுற்றி வெளிர்மரத்தில் மயிரிழைக் கோடு. அது ஆங்காங்கே பெயர்ந்திருந்தது. ஒட்டித்தர வேண்டும், அவ்வளவுதான்.

அரைநூல் அதோடு விடுவாளா? மேசையைக் கவிழ்த்தாள். திரும்பும் காலின் அடியில் வேறு மரத்துண்டு ஒன்றை ஒட்டிச் சாயம் பூசியிருந்தார்கள். பட்டறையின் சமதளமான மட்டக்கல்லில் நிறுத்தினால் அதனால்தான் மேசை ஆடியது. துண்டைப் பெயர்த்தே விட்டாள். பட்டறை மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டார். இதில் ஏதாவது புகார் வந்தால், இனி அவளுக்கு ஸ்டூலுக்குக் கால் போடும் வேலைதான், பழைய சாமான் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

மேசை வீடு போன மறுநாளே போன் வந்தது. ஆடுகிறதாம்.

அண்ணனும் தங்கையும் கிளம்பினார்கள். நன்றாக இருந்ததை ஏன் நோண்டினாய் என்று அண்ணன் வழியெல்லாம் முணுமுணுத்தார்.

"தப்பு என் மேலன்னா நானே ஸ்டூலுக்குப் போயிடறேன்ண்ணே."

மேசைக்காரர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜன்னலோரம் நின்ற மேசையை அவள் தொடவே இல்லை. திரும்பும் கால் நின்ற இடத்தில், தரையில் ரசமட்டத்தை வைத்தாள். குமிழி ஒருபக்கமாக ஓடியது.

"இந்த மூலையில தரை அமுங்கியிருக்கு சார். தரைக்கு வந்த நோய்க்கு யாரோ மேசைக்கு மருந்து குடுத்திருக்காங்க."

மூவருமாக எதிர்ச்சுவருக்கு நகர்த்தினார்கள். பெரியவர் பலகையை விரித்தார். பலகைகள் சேரும் இடத்தில் விரலை ஓட்டினார். விரல் எங்கும் தட்டவில்லை. முழங்கையை ஊன்றி அழுத்தினார். மேசை அசையவில்லை.

"ஜன்னல்கிட்ட காத்து வரும்னு எங்கப்பா போட்ட இடம்மா அது. பரவால்ல, ஃபேன் போட்டுக்கறேன்" என்றார்.

அண்ணன் வாசலுக்கு வந்து மேஸ்திரிக்குப் போன் போட்டார். தங்கை செருப்பு மாட்டும் வரை காத்திருந்து, அவளுக்கும் கேட்கும்படியாகவே பேசினார்.

"ஆடல மேஸ்திரி. ஸ்டூலுக்கு வேற ஆளைப் பாருங்க."